எடுத்தது வேறு, வைத்துக்கொள்வது வேறு

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருக்கிறேன்; கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். குறிபார்த்துச் சுடுவதில் ஆர்வம் உண்டு. முறைப்படி வாங்கிய ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு ரைஃபிளும் வீட்டில் இருந்தன. சென்ற ஆண்டு ஊரில் அப்பா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. அதன் பிறகு ஓர் இரவு தொலைபேசியில் அக்காவிடம், "நான் இருந்து யாருக்கு என்ன?" என்று சொல்லிவிட்டேன். அக்கா பயந்துபோய் இங்குள்ள என் நண்பரிடம் சொல்ல, அவர் 911-ஐ அழைத்துவிட்டார். காவலர்கள் வந்தார்கள். மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள், போனேன். மருத்துவர் பேசிப் பார்த்துவிட்டு மறுநாள் காலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வந்து பார்த்தால் துப்பாக்கிகள் இல்லை. காவலர்கள் கேட்டதாகவும், அலமாரியைத் திறந்து தானே கொடுத்ததாகவும் என் மனைவி சொன்னார். ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. என் மீது வழக்கு எதுவும் இல்லை. மூன்று முறை காவல் நிலையத்துக்குப் போனேன். "நீதிமன்ற உத்தரவு கொண்டு வாருங்கள், தருகிறோம்" என்கிறார்கள். அலுவலக நண்பர் ஒருவர் ஏ.சி.எல்.யூ. என்ற குடியியல் உரிமை அமைப்புக்கு எழுது என்கிறார். அவர்கள் துப்பாக்கிக்கு எதிரானவர்கள் அல்லவா? என் மனைவியோ விட்டுத் தொலையுங்கள் என்கிறார். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

துப்பாக்கியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒன்று கேட்கிறேன். இப்போது ஒழுங்காகத் தூங்குகிறீர்களா? அப்பாவின் காரியத்துக்குப் போக முடியாத துக்கம் ஐந்து மாதத்தில் ஆறுகிற துக்கம் இல்லை. சட்டக் கேள்விக்கு நடுவே இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். அந்த எண்ணம் பல நேரங்களில் சில நிமிடங்களே நீடிக்கிறது. அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. அக்கா பயந்ததிலும் நண்பர் 911-ஐ அழைத்ததிலும் நான் குறை காணமாட்டேன். மறுபடியும் அப்படி ஓர் இரவு வந்தால் 988 என்ற எண்ணை அழையுங்கள். நாடு முழுவதும் எந்த நேரமும் இயங்குகிற உதவி எண் அது.

நலமாக இருக்கிறேன் என்பது உங்கள் பதிலானால் மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காவலர்கள் துப்பாக்கிகளை எடுத்தது சரியா என்பது ஒன்று. எடுத்ததை இன்றுவரை வைத்துக்கொண்டிருப்பது சரியா என்பது மற்றொன்று. பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆத்திரப்படுகிறார்கள். உங்களுக்கு உதவப் போவது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு உங்கள் மாநிலத்திலேயே, கிரான்ஸ்டன் நகரில் நடந்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. கணவர் தோட்டா இல்லாத துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, என்னைச் சுட்டு முடித்துவிடு என்கிற பாணியில் பேசினார். மனைவி ஓட்டலில் போய்த் தங்கினார். மறுநாள் காலையில் கணவர் தொலைபேசியை எடுக்கவில்லை என்றதும், நலமாக இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லிக் காவல் துறையைக் கேட்டுக்கொண்டார். காவலர்கள் போனபோது அவர் வாசல் திண்ணையில் நின்று அமைதியாகவே பேசினார். துப்பாக்கிகளை எடுப்பதில்லை என்று உறுதி கொடுத்தால் மனநலப் பரிசோதனைக்குப் போகிறேன் என்றார். ஒப்புக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் போனதும் வீட்டுக்குள் நுழைந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். எடுப்பதற்கு அவர் சம்மதித்துவிட்டதாக மனைவியிடம் சொன்னார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

நகரத்தின் வாதம் இதுதான்: நாங்கள் குற்றம் துப்பறியப் போகவில்லை, சமூகத்தைப் பராமரிக்கும் வேலையைத்தான் செய்தோம், அதற்கு வாரண்ட் வேண்டியதில்லை. 1973-ல் உச்ச நீதிமன்றம் கேடி வழக்கில் சொன்னதை ஆதாரமாகக் காட்டினார்கள். அந்தப் பழைய வழக்கு விபத்தில் சிக்கி இழுத்துச் செல்லப்பட்ட ஒரு காரைப் பற்றியது. காரை ஓட்டியவர் விடுமுறையில் இருந்த சிகாகோ காவலர். அவருடைய பணித் துப்பாக்கி காருக்குள் கிடந்து யார் கையிலாவது சிக்கிவிடக் கூடாதே என்று தேடியதை அப்போது நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கீழ் நீதிமன்றங்கள் இந்தச் சலுகையை வீட்டுக்கும் நீட்டித்துக் கிரான்ஸ்டன் காவலர்கள் பக்கமே தீர்ப்பளித்தன. 2021 மே 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அதை ரத்து செய்தார்கள். கனிலியா எதிர் ஸ்ட்ராம் என்பது வழக்கின் பெயர். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதியது நாலைந்து பக்கம்தான் வரும். காருக்குப் பொருந்துவது வீட்டுக்குப் பொருந்தாது என்பதே அதன் சாரம்.

இதைப் படித்ததும் நம் வழக்கும் இதே வழக்கு என்று உங்களுக்குத் தோன்றும். அவசரப்படாதீர்கள். உங்கள் வீட்டில் அலமாரியைத் திறந்து கொடுத்தவர் உங்கள் மனைவி. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர் மனமுவந்து சம்மதித்தால் வாரண்ட் இல்லாத சோதனை பொதுவாகச் செல்லும். ஆகவே அன்று காவலர்கள் அவரிடம் என்ன சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். "கொடுக்கலாமா?" என்று கேட்டார்களா, "உங்கள் கணவர் சரி என்று சொல்லிவிட்டார்" என்றார்களா, "கொடுக்காவிட்டால் வீட்டையே புரட்டிப் பார்ப்போம்" என்றார்களா? மூன்றுக்கும் மூன்று வேறு விடைகள். நினைவு மங்குவதற்குள் அவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கிற தொனி வேண்டாம். நடு இரவில் சீருடைக்காரர்கள் வாசலில் நிற்கும்போது கதவைத் திறப்பதுதான் மனித இயல்பு.

அவர் உண்மையிலேயே விரும்பிக் கொடுத்திருந்தால் முதல் கேள்வியில் உங்கள் பக்கம் பலவீனமானதுதான். இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அன்று எடுத்தது நூற்றுக்கு நூறு சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் கழித்தும் வைத்திருக்க அது போதுமா? அமெரிக்க அரசமைப்பின் பதினான்காவது திருத்தம், 1868-ல் வந்தது, உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. உங்கள் துப்பாக்கி உங்கள் சொத்து. அன்று அவர்கள் எடுத்துப் போனது உங்கள் மடிக்கணினியாக இருந்தாலும் கேள்வி இதேதான்.

உங்கள் மாநிலத்தில் வடக்கு ஸ்மித்ஃபீல்டு என்ற ஊர் இருக்கிறது. 2008-ல் அங்கே ஒருவர் தற்கொலைக்கு முயன்றதாகத் தகவல் வந்து, காவல் துறை அவருடைய துப்பாக்கிகளை எடுத்துச் சென்றது. அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. திருப்பிக் கேட்டபோது அவருக்குக் கிடைத்த பதிலும் உங்களுக்குக் கிடைத்ததுதான்: நீதிமன்ற உத்தரவு கொண்டு வா. அவருக்காக வழக்காடியது யார் தெரியுமா? ஏ.சி.எல்.யூ.வின் ரோட் ஐலண்ட் கிளை. 2016-ல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொத்துக்குரியவரே செலவு செய்து வழக்குப் போட்டு மீட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது உரிய நடைமுறை ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் மையம். உங்கள் காவல் நிலைய முகப்பில் இருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு தெரியாமல் இருக்கலாம். அவருடைய மேலதிகாரிக்கும் நகரத்தின் சட்ட ஆலோசகருக்கும் தெரியாமல் இருக்காது.

காவல் துறை ஒருவருடைய துப்பாக்கியைத் தொடர்ந்து வைத்திருப்பதற்குச் சட்டம் ஏற்கிற காரணங்கள் சிலவே. நடக்கிற வழக்கில் அது சான்றாக இருக்கலாம். உங்கள் மீது வழக்கே இல்லை. நீதிபதி ஒருவர் தடை உத்தரவு போட்டிருக்கலாம். ரோட் ஐலண்டில் 2018-ல் வந்த சிவப்புக் கொடிச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. ஒருவரால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று காவல் துறை நினைத்தால் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். எதிராளிக்குத் தகவல் தந்து விசாரணை நடத்த வேண்டும். தெளிவான, நம்பத்தக்க சான்றுகளோடு ஆபத்தை நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் ஓராண்டுக்கான உத்தரவு கிடைக்கும். மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் அவர்கள் தலையில். உங்கள் விஷயத்தில் அந்தக் கதவு ஐந்து மாதமும் திறந்தே இருந்தது, அவர்கள் நுழையவில்லை. நுழையாமலே அதன் பலனை அனுபவிக்கிறார்கள். நீதிபதியிடம் தாங்கள் போவதற்குப் பதிலாக உங்களைப் போகச் சொல்கிறார்கள். சட்டம் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பது இதுதான்.

சிவப்புக் கொடிச் சட்டமே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உயிர்களைக் காக்கக்கூடிய சட்டம் என்று நம்புகிறேன். அதில் நீதிபதி இருக்கிறார் என்பதால்தான் நம்புகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இதில் நம்மவர்கள் நிறையத் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். துப்பாக்கி வைத்திருக்கவே கூடாதவர்கள் என்று கூட்டாட்சிச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஓராண்டுக்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். மனநல நிறுவனத்தில் சட்டபூர்வமாகச் சேர்க்கப்பட்டவர்களும் அதில் உண்டு. உங்களுக்கு இதுதான் கவலையாக இருக்கும். கண்காணிப்புக்காக ஓரிரவு வைத்திருப்பதும், தாமாக விரும்பிச் சேர்வதும் "சேர்க்கப்பட்டவர்" என்ற அந்தச் சொல்லில் அடங்காது என்று விதிமுறையே தெளிவாகச் சொல்கிறது. மருத்துவமனையிலிருந்து உங்கள் வெளியேற்ற ஆவணத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் கடிதத்தைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகமாக இருக்கும்.

கஞ்சாவையும் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தயங்குவீர்கள். ரோட் ஐலண்டில் 2022 முதல் அது சட்டபூர்வம். கூட்டாட்சிச் சட்டத்தில் இன்னமும் சட்டவிரோதம். பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி சிக்கல்தான். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் காவல் துறைக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கிரீன் கார்டு உங்களுக்குத் தடையில்லை. ஆனால் ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியோடு படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் இதை அறிவதில்லை. ரெஹைஃப் என்ற வழக்கு அப்படித்தான் தொடங்கியது: படிப்பு நின்றுபோய் விசாத் தகுதியை இழந்த ஒரு மாணவர் ஃப்ளோரிடாவில் சுடுதளத்துக்குப் போனார். 2019-ல் அது உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தன் தகுதி நிலை அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்கள் வீட்டுக்கு வரும் ஹெச்-1பி நண்பர்கள் கையில் உங்கள் துப்பாக்கியை விளையாட்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். குடியுரிமை பெறாதவர் துப்பாக்கிக் குற்றம் எதிலாவது தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தவே அது காரணமாகலாம். கிரீன் கார்டு அதற்குக் கவசம் ஆகாது.

இனி ஏ.சி.எல்.யூ. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 1920-ல் தொடங்கிய அந்த அமைப்பு துப்பாக்கிக்காரர்களின் தோழன் என்று பெயர் எடுத்தது இல்லை. 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டாவது திருத்தம் தனிமனிதர் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தபோது, அதை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்ன அமைப்பு அது. அதே அமைப்பு கனிலியா வழக்கில் துப்பாக்கிக்காரர் பக்கம் நின்று உச்ச நீதிமன்றத்தில் வாதுரை தாக்கல் செய்தது. 2018-ல் ரோட் ஐலண்ட் சட்டமன்றத்தில் சிவப்புக் கொடி மசோதா வந்தபோது, அது மிகவும் அகலமாக இருக்கிறது, உரிய நடைமுறை போதவில்லை என்று எச்சரித்தது அதன் ரோட் ஐலண்ட் கிளை. 2024-ல் இன்னும் வேடிக்கை. துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கத்தோடு தொழில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நியூயார்க் அதிகாரி ஒருவர் காப்பீட்டு நிறுவனங்களை மறைமுகமாக மிரட்டினார் என்று வழக்கு. அந்தச் சங்கத்துக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது ஏ.சி.எல்.யூ. வழக்கறிஞர். அதிலும் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

அவர்கள் கணக்கு எளிமையானது. உங்கள் துப்பாக்கியை அவர்கள் காக்க வரவில்லை; உங்கள் வாசற்கதவைக் காக்க வருகிறார்கள். இன்று துப்பாக்கிக்காக வாரண்ட் இல்லாமல் திறக்கிற கதவு நாளை வேறு எதற்காகவும் திறக்கும். அந்த அமைப்புக்குள்ளேயே இதில் பூசல் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2017-ல் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகளின் பேரணியில் வெடித்த வன்முறைக்குப் பிறகு, ஆயுதம் ஏந்தி ஊர்வலம் போக விரும்புகிறவர்களுக்காக வாதாட மாட்டோம் என்று அதன் தலைமை அறிவித்தது. வீட்டு அலமாரியில் இருந்த துப்பாக்கிக்கும் வீதியில் ஏந்திச் செல்லும் துப்பாக்கிக்கும் அவர்கள் வேறுபாடு பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன்.

ஆகவே தயங்காமல் எழுதுங்கள். ஆனால் அவர்களையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வருகிற வேண்டுகோள்களில் மிகச் சிலவற்றையே அவர்களால் எடுத்துக்கொள்ள முடியும்.

அதற்கு முன் நீங்களே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று முறை நேரில் போனேன் என்கிறீர்கள். நேரில் போய் வந்ததற்கு என்ன சாட்சி? நம் ஊரில் துப்பாக்கி என்பது அரசு தருகிற உரிமம், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியது. அந்தப் பழக்கத்தில் கவுன்ட்டர் முன் கைகட்டி நின்றுவிட்டு வந்துவிடுகிறோம். இனி நேரில் போக வேண்டாம். காவல் துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். எந்த நாளில், எந்தத் துப்பாக்கிகள், அவற்றின் வரிசை எண்கள், எடுத்தபோது ரசீது கொடுத்தார்களா, என் மீது வழக்கோ தடை உத்தரவோ இல்லை, திருப்பிக் கேட்கிறேன், மறுப்பதானால் எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள். இவ்வளவுதான். கோபம் வேண்டாம், உச்ச நீதிமன்ற மேற்கோள் வேண்டாம், அன்று இரவு என்ன மனநிலையில் இருந்தீர்கள் என்ற விளக்கம் வேண்டவே வேண்டாம். முப்பது நாள் அவகாசம் கொடுங்கள். திருப்பித் தருவதற்கு முன் உங்கள் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் ஒத்துழையுங்கள், அது நியாயம். இப்படி ஒரு கடிதத்தோடு முடிந்துபோன விவகாரங்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் மறுக்க வேண்டும் என்று வரும்போது அவர்கள் நகரச் சட்ட ஆலோசகரிடம் போகிறார்கள்; அவர் வடக்கு ஸ்மித்ஃபீல்டை நினைவூட்டுகிறார்.

முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ மறுத்தாலோ, கடிதத்தின் நகலோடு ஏ.சி.எல்.யூ. கிளைக்கும் குடியியல் உரிமை வழக்கறிஞர் ஒருவருக்கும் எழுதுங்கள். அரசமைப்பு உரிமையை மீறிய அதிகாரிகள் மீதும் நகரத்தின் மீதும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட 1871-ல் வந்த சட்டம் ஒன்று வழி தருகிறது. ரோட் ஐலண்டில் அதற்கு மூன்றாண்டுக் காலக்கெடு. வென்றால் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்றவரிடமிருந்து பெறவும் சட்டத்தில் இடம் உண்டு. அதனால்தான் தனி வழக்கறிஞர்களும் இத்தகைய வழக்குகளை எடுக்க முன்வருகிறார்கள்.

மனைவி விட்டுத் தொலையுங்கள் என்கிறாரே, அதற்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. ஆனால் திரும்பப் பெறுவது என்பதும் வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதும் ஒன்றே அல்ல என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். உரிமம் பெற்ற வணிகரிடம் விற்கலாம். சிலர் வாடகைக்கு வைத்துக்கொள்ளவும் செய்வார்கள். துக்கம் தெளியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று நீங்களே முடிவு செய்வது ஒன்று, காவல் நிலைய அறையில் தூசி படியட்டும் என்று அவர்கள் முடிவு செய்வது வேறு. உங்கள் நிலையில் நான் இருந்தால் குறைந்தது ஓராண்டுக்கு வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். அதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன்.

கடைசியாக, அவர்கள் தர ஒப்புக்கொண்டு அழைக்கும் நாளில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். இல்லையென்றால் துப்பாக்கிகளின் வரிசை எண்களை உங்கள் கடிதத்தோடு ஒப்பிட்டு, துருவோ சேதமோ இருந்தால் அதையும் படிவத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.